தம்பி யார் வீட்டிலும் கை நனைப்பதில்லை: ஆரோக்கிய உணவுப் பழக்கம் இப்படியும் ஆகுமா?

நொய்யல் (திங்கள், இரவு 10.40)

வணக்கம். இதை வீட்டில் பேசினால் சண்டையாகிறது, அதனால் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரே தம்பி. 27 வயது, கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை. சின்ன வயதில் நல்ல உடம்பு. பள்ளியில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "பூசணி"தான். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் முற்றி, சிறுநீரகம் போய், கடைசியில் டயாலிசிஸில் இருந்தார். கூட்டிப் போனது, காத்திருந்தது எல்லாம் தம்பிதான். அப்பா போன பிறகு "எனக்கு இது வரவே கூடாதுக்கா" என்று சொல்லி உடம்பைக் குறைக்க ஆரம்பித்தான். 91 கிலோவிலிருந்து 70-க்கு வந்தபோது நாங்கள் எல்லாருமே சந்தோஷப்பட்டோம்.

அதோடு நிற்கவில்லை. முதலில் சர்க்கரையும் மைதாவும் போனது, அப்புறம் அரிசி. பிறகு பேலியோ என்ற தானியமே இல்லாத உணவு முறை, காலையில் எண்ணி 100 பாதாம். ஏதோ வீடியோ பார்த்துவிட்டுப் பாதாமையும் நிறுத்தினான். பால் போனது, பழம் போனது, செக்கு எண்ணெய்கூட வேண்டாம் என்றாகிவிட்டது. இப்போது ஒரு வேளைக்கு வரகோ குதிரைவாலியோ 40 கிராம், தராசில் நிறுத்துத்தான். மொட்டை மாடியில் அவனே வளர்க்கும் கீரை, வேகவைத்தது. ஒரு முட்டை, அதுவும் பல்லடம் பக்கம் ஒரே ஒருவரிடம்தான் வாங்குவான். உயரம் 5 அடி 9 அங்குலம். எடை இப்போது 52 கிலோ.

போன மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும். வந்தான், சீரெல்லாம் குறைவில்லாமல் செய்தான். குழந்தை "மாமா கை ஜில்லுனு இருக்கு" என்று நெளிந்துகொண்டே இருந்தாள். பந்தியில் பெரியப்பா கையைப் பிடித்து உட்கார வைத்தார். இலையில் ஒவ்வொன்றாக விழ விழ அவன் முகம் வெளுத்தது. சாதத்தை ஓரமாகத் தள்ளினான். பருப்பின் மேல் நெய் பரவுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாய்கூட எடுக்காமல் இலையை மடித்துவிட்டு எழுந்து போய், மண்டபத்துக்கு வெளியே காருக்குள் உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்தான். மொத்தச் சொந்தமும் பார்த்தது.

அம்மா கேட்கிறார்: "குடிக்கிறானா, சிகரெட் பிடிக்கிறானா? நல்லதைத்தானே சாப்பிடுறான்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இது நோயா, வெறும் பிடிவாதமா?

சிறுதானியன் (திங்கள், இரவு 11.15)

சகோதரி, உங்கள் பாசம் புரிகிறது. ஆனால் அவசரப்பட்டு நோய் என்று பெயர் வைத்துவிடாதீர்கள். 2023-ல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வில் இந்த நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை நோய் என்று சொன்னார்கள். அப்பாவை டயாலிசிஸில் பார்த்த பையன் பயப்படாமல் வேறு யார் பயப்படுவது? மண்டபச் சாப்பாட்டில் என்ன எண்ணெய் ஊற்றுகிறார்கள், எத்தனை முறை காய்ச்சுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? நான் தர்மபுரிப் பக்கம் சாமையும் தினையும் விளைவித்து விற்கிறேன். நம் தாத்தா பாட்டி இதைத் தின்றுதான் ஏர் ஓட்டினார்கள். ஊரே ஒரு பக்கம் போகும்போது மறுபக்கம் போகிறவன் வித்தியாசமாகத்தான் தெரிவான்.

ஊட்டம் (செவ்வாய், காலை 6.50)

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் உணவியல் நிபுணர். சிறுதானியன் ஐயா, வரகின் மேலும் கீரையின் மேலும் எனக்கு எந்தக் குறையும் இல்லை, நானே எழுதிக் கொடுக்கிறேன். அளவைப் பாருங்கள். 40 கிராம் வரகு என்றால் 135 கலோரி அளவுதான். மூன்று வேளைக்கும் சேர்த்து 400. முட்டை ஒன்றுக்கு 75. கீரை எவ்வளவு தின்றாலும் பெரிதாகச் சேராது. ஆக நாளுக்கு 550, 600. உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கே 2000-க்கு மேல் வேண்டும். சர்க்கரை நோய் ஏற்கெனவே வந்தவருக்குக்கூட எந்த மருத்துவரும் சாதாரணமாக இந்த அளவு சொல்ல மாட்டார். உங்கள் தாத்தா ஏர் ஓட்டியது 40 கிராம் சாமையில் இல்லை ஐயா. உருண்டை உருண்டையாகக் களி, குழம்பு, கடலை, கருவாடு எல்லாம் இருந்தது.

நொய்யல், தட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட இந்த விதிகள் அவருடைய வாழ்க்கையில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கின்றன என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். அவருடைய பட்டியலில் இதுவரை எதுவாவது திரும்பச் சேர்ந்திருக்கிறதா? நீங்கள் எழுதியதில் எல்லாமே போய்க்கொண்டுதான் இருக்கிறது. விதியை மீற நேர்ந்தால் என்ன செய்கிறார்? அடுத்த வேளையைக் கட் செய்கிறாரா, கூடுதலாக ஓடுகிறாரா? நண்பர்களோடு வெளியே போய் எவ்வளவு நாளாகிறது? எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா? நாடித்துடிப்பு எவ்வளவு? இதையெல்லாம் சொல்லுங்கள்.

மழைக்காகிதம் (செவ்வாய், காலை 9.20)

நொய்யல் அக்கா, உங்கள் தம்பி காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டதைப் படித்ததும் அடுத்த வேலை ஓடவில்லை. நான் அந்த இடத்தில் இருந்து வந்தவள்.

எனக்கு இது முகப்பருவில் தொடங்கியது. பால் நிறுத்தினால் போகும் என்றார்கள், நிறுத்தினேன். கொஞ்சம் குறைந்தது. ஒன்றை விட்டதற்கே பலன் இருந்தால் இன்னும் பத்தை விட்டால் எப்படி இருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. ஒல்லியாக வேண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. உடம்பு சுத்தமாக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் குளித்து வந்ததும் கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து மணிக்கட்டைச் சுற்றி அளப்பேன். முழங்கை வரைக்கும் விரல் போகிறதா என்று பார்ப்பேன். போகாவிட்டால் அன்றைக்குப் பகல் முழுக்க மனசு சரியிருக்காது.

காலையில் கண் விழித்ததும் முதல் யோசனை மதியம் என்ன சாப்பிடலாம் என்பது. இரண்டாவது, யாராவது வெளியே கூப்பிட்டால் என்ன பொய் சொல்லலாம் என்பது. ஒரு மார்கழிக் காலையில் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் தொன்னையில் கொடுத்தார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வாயில் போட முடியவில்லை. தூணோரம் வைத்துவிட்டு வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். சாப்பிடாவிட்டால் சாமி குற்றம், சாப்பிட்டால் உடம்பெல்லாம் அழுக்கு. இரண்டு பயத்துக்கும் நடுவில் நிற்க இடமில்லை.

அத்தனை பேரும் பாராட்டினார்கள். அதுதான் இதில் கொடுமை. கல்யாண வீடுகளில் "என்ன ரகசியம், எங்களுக்கும் சொல்லு" என்று சுற்றி உட்காருவார்கள். தலைக்குக் குளித்தால் குளியலறைத் தண்ணீர் போகும் வாயை முடி அடைத்துக்கொண்டது அவர்களுக்குத் தெரியாது. மாதவிடாய் நின்றதும் தெரியாது. எனக்கே அது தொல்லை விட்ட மாதிரிதான் இருந்தது. ஓடிக்கொண்டிருந்தபோது பாதத்தில் எலும்பு விரிசல் விட்டது. விழவில்லை, எதிலும் மோதவில்லை. எலும்பு மருத்துவர்தான் "மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

மனநல மாணவன் (செவ்வாய், மதியம் 2.05)

மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். நல்ல உணவை மட்டுமே சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் இப்படிப் பித்தாக முற்றுவதற்கு ஆர்த்தோரெக்சியா என்று பெயர். 1997-ல் ஸ்டீவன் பிராட்மேன் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்தது. அவரே அதற்குள் இருந்து வெளியே வந்தவர். எழுபதுகளில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கூட்டுக்குடியிருப்பில் சமையல்காரராகவும் இயற்கை விவசாயியாகவும் இருந்தார். செடியிலிருந்து பறித்துக் கால் மணி நேரம் தாண்டிய காய்கறியைத் தொட மாட்டாராம். ஒவ்வொரு வாயையும் 50 தடவை மெல்வாராம். வயதான கிறிஸ்தவத் துறவி ஒருவர் அவரைச் சீன உணவகத்துக்குக் கூட்டிப் போய், மிச்சம் வைக்காமல் சாப்பிட வைத்து, அதற்கு மேல் ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுத்ததுதான் தனக்குத் திருப்பம் என்று எழுதியிருக்கிறார்.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் (2013) ஆர்த்தோரெக்சியா தனி நோயாக இல்லை. அதனால் மருத்துவர் சீட்டில் அனோரெக்சியா (எடை கூடுமோ என்ற பயத்தில் பட்டினி கிடக்கும் நோய்) என்றோ, எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) என்றோ, வேறு ஏதாவதோ எழுதக்கூடும். குழம்ப வேண்டாம். நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. 1995-ல் சென்னையில் 210 மருத்துவ மாணவர்களிடம் செய்த ஆய்வில் 31 பேருக்கு உணவையும் எடையையும் பற்றிய வேதனை நோயின் விளிம்பு வரைக்கும் இருந்தது. அப்போது கையில் செல்போன்கூட இல்லை.

இன்னொன்று, "புத்திசாலிப் பையன், சொன்னால் புரியாதா?" என்று வீடுகளில் கேட்பார்கள். 1944-45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார். போருக்குப் போக மறுத்து, தாமாகவே முன்வந்தவர்கள். உடம்பும் மனமும் திடமாக இருந்தவர்கள். அவர்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். எடையில் கால்பங்கு குறைந்தது. அதைவிட மனசில் நடந்ததுதான் பெரிது. சமையல் புத்தகங்களைச் சேர்த்துப் படித்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்காகக் கலைத்துக் கலைத்துச் சாப்பிட்டார்கள். தட்டை நக்கினார்கள். சிரிப்பும் பேச்சும் நின்றுபோனது. அவர்களில் யாருக்கும் முன்பு உணவுப் பித்து இருந்ததில்லை, பட்டினிதான் அதை உண்டாக்கியது. உங்கள் தம்பியிடம் நீங்கள் பார்ப்பதில் ஒரு பகுதி பட்டினி கிடக்கும் மூளை. அதனிடம் வாதம் செய்து ஜெயிக்க முடியாது அக்கா. முதலில் சாப்பாடு உள்ளே போக வேண்டும்.

நொய்யல் (செவ்வாய், இரவு 9.55)

எல்லாருக்கும் நன்றி. ஊட்டம் மேடம் கேட்டதற்குப் பதில்: எதுவும் திரும்பச் சேரவில்லை. தீபாவளிக்கு அம்மா அழுததால் ஒரு அதிரசம் தின்றான், அடுத்த இரண்டு நாள் வெறும் வெந்நீர். நண்பர்கள் யாரும் வீட்டுக்கு வருவதில்லை. பெண் பார்க்க வேண்டாம் என்கிறான், "வர்றவ சமைக்கிறதை நான் எப்படி சாப்பிட?" என்று கேட்கிறான். ரத்தப் பரிசோதனை எடுத்தான், எல்லாம் நார்மல். அந்தத் தாளை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறான். நாடித்துடிப்பு அவன் கைக்கடிகாரத்திலேயே 45, 46 காட்டுகிறது. ஓட்டப்பந்தயக்காரர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று பெருமையாகச் சொல்கிறான். அது உண்மையா?

ஊட்டம் (செவ்வாய், இரவு 10.30)

நன்றாகச் சாப்பிட்டு வருடக்கணக்கில் பயிற்சி செய்பவருக்கு அது உண்மைதான். 39 கிலோ குறைந்து, கை ஜில்லிட்டு இருப்பவருக்கு அந்த விளக்கம் பொருந்தாது. எரிபொருள் போதாமல் உடம்பு எல்லாவற்றையும் குறைத்து ஓட்டுகிறது: துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் சூடு, தைராய்டு, பாலின ஹார்மோன்கள். ரத்தப் பரிசோதனை நார்மல் என்பதை நம்பி இருக்காதீர்கள். உடம்பு தசையையும் எலும்பையும் கரைத்துக்கூட ரத்தத்தில் அளவைச் சரியாக வைத்திருக்கப் பார்க்கும், கடைசிக் கட்டம் வரைக்கும் தாள் நன்றாகவே இருக்கலாம். இந்த வாரமே ஈசிஜி எடுங்கள். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் ரத்த அழுத்தமும் துடிப்பும் பார்க்கச் சொல்லுங்கள்.

கபடி07 (புதன், காலை 7.10)

ஜிம்மில் பயிற்சியாளராக இருக்கிறேன். ஆண் பிள்ளைகளுக்கு இது வரும் என்று யாரும் நினைப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எங்களிடம் வருகிற பையன்களில் சிலர் இதற்கு நேர் எதிர்த் திசையில் இருப்பார்கள். கை இரும்பு மாதிரி இருக்கும், ஆனாலும் "அண்ணா, இன்னும் சுள்ளி மாதிரியே இருக்கேன்" என்று சொல்லி வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுவார்கள். அமெரிக்காவில் ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவர் 1993-லேயே உடற்கட்டு வீரர்களிடம் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். கண்ணாடி இரண்டு பேருக்கும் பொய்தான் சொல்கிறது. கோழியின் நெஞ்சுக்கறியை உப்பில்லாமல் வேகவைத்து டப்பாவில் கட்டிக்கொண்டு அக்கா கல்யாணத்துக்குப் போன பையனை எனக்குத் தெரியும்.

முன்-பின் படம் போடுவதை எங்கள் ஜிம்மில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். முதலாளிக்குக் கோபம், ஆள் சேராது என்கிறார். ஆனால் "பின்" படத்துக்கு அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான் என்று யாரும் படம் போடுவதில்லை. நொய்யல் அக்கா, உங்கள் தம்பியை "பூசணி" என்று கூப்பிட்டவர்களே அவனுக்கு லைக் போட்டிருப்பார்கள். அந்தப் பையன் அதை எப்படி விடுவான்?

வைகைச்செல்வி (புதன், மதியம் 12.40)

இந்த இழையைப் படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்குகிறது. என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன். ஐந்து மாதமாக மாதவிடாய் இல்லை. மருத்துவரிடம் காட்டினோம். ஸ்கேனில் நீர்க்கட்டி மாதிரி தெரிகிறது, பிசிஓடி என்றார். எடையைக் குறைக்கணும், அரிசி, சர்க்கரை, பால் எல்லாம் குறைக்கணும் என்று ஒரு தாள் கொடுத்து, மாத்திரையும் எழுதினார். மாத்திரை போட்டதும் வந்துவிட்டது. ஆனால் அவள் ஏற்கெனவே 41 கிலோதான். அந்தத் தாளை அவள் படிப்பு மேசைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டு அதைவிடக் குறைவாகச் சாப்பிடுகிறாள். கேட்டால் "டாக்டரே சொல்லிட்டாங்கம்மா" என்கிறாள். நான் என்ன செய்வது?

ஊட்டம் (புதன், மாலை 4.15)

வைகைச்செல்வி அக்கா, இன்னொரு மருத்துவரிடம் சீக்கிரம் போங்கள். பிசிஓடி இல்லவே இல்லை என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் சாப்பாடு போதாமல் மாதவிடாய் நிற்பதை பிசிஓடி என்று எண்ணிவிடுவது நடக்கிறது, ஏனென்றால் வளரிளம் பெண்களின் ஸ்கேனில் சின்னச் சின்னக் கட்டிகள் சாதாரணமாகவே தெரியும். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். ஒருவரிடம் எடையைக் குறை என்கிறோம், மற்றவரிடம் ஏற்று என்கிறோம். தவறான தாள் கையில் கிடைத்தால் அந்தப் பெண்ணின் நோய்க்கு மருத்துவரின் கையெழுத்தே கிடைத்துவிடுகிறது.

உள்ளே நடப்பது இதுதான். வருகிற சக்தி போதாது என்று தெரிந்ததும் மூளை, கருமுட்டைப் பைக்கு அனுப்பும் ஹார்மோன் கட்டளையை நிறுத்திவைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது. எலும்பு வலுப்பெறும் முக்கியமான வயதில் அது நடக்கவில்லை என்றால் பிறகு முழுதாக ஈடுகட்டுவது கடினம். மழைக்காகிதத்துக்குப் பாதத்தில் நடந்தது அதுதான். மாத்திரையால் வருகிற உதிரப்போக்கு மாத்திரையால் வந்தது, உடம்பு தேறியதற்கு அடையாளம் இல்லை. அவளாகச் சாப்பிட்டு, எடை ஏறி, மாத்திரை இல்லாமல் வர வேண்டும்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இந்த ஊரில் ஒரு சின்னப் பெண்ணிடம் "அதை விடு, இதை விடு" என்று தாள் எழுதிக் கொடுக்கும் முன் கை நடுங்க வேண்டும். அரிசியை விஷம் என்று சொல்பவர்களுக்காக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூட மொத்தச் சக்தியில் 45 சதவீதம் வரை தானியத்திலிருந்தும் சிறுதானியத்திலிருந்தும் வரலாம் என்றுதான் இருக்கிறது. அவர்கள் குறைக்கச் சொன்னார்கள், ஒழிக்கச் சொல்லவில்லை.

ஸ்கார்பரோத் தமிழன் (புதன், இரவு 8.30)

கனடாவிலிருந்து எழுதுகிறேன், சொந்த இடம் யாழ்ப்பாணம். இங்கேயும் ஒன்றுகூடலுக்குப் போனால் வாசலிலேயே ஆள் எவ்வளவு உடம்பு வைத்துவிட்டார், எவ்வளவு மெலிந்துவிட்டார் என்றுதான் கதை தொடங்கும். பிள்ளைகள் அதை மறப்பதில்லை.

பீஜித் தீவு ஆய்வு ஒன்று இருக்கிறது. அங்கே நல்ல உடம்பு என்றால் வீட்டில் அன்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம், யாராவது மெலிந்தால் ஊரே கவலைப்படும். 1995-ல் நத்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் அந்த வருடமும் 1998-லும் பள்ளி மாணவிகளிடம் கேட்டார். எடை குறைக்க வாந்தி எடுக்கிறேன் என்று முதல் தடவை ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. மூன்றே வருடத்தில் சுமார் 11 சதவீதம். தொலைக்காட்சி கூடத்தில் ஒன்றுதான் இருந்தது. இப்போது ஒவ்வொரு பிள்ளையின் தலையணைக்குக் கீழேயும் ஒன்று கிடக்கிறது.

திண்ணைப்பள்ளி (வியாழன், காலை 8.00)

நம் வீடுகளில் இது கண்ணில் படாமல் போவதற்கு இன்னொரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. சாப்பிடாமல் இருப்பதை நாம் மதிக்கிறோம். சஷ்டி, ஏகாதசி, ரமலான், தவக்காலம் என்று எல்லா வழியிலும் நோன்பு உண்டு, நோன்பு இருப்பவருக்கு மரியாதையும் உண்டு. அதனால் வாயைக் கட்டும் பிள்ளையைப் பார்த்தால் வைராக்கியம் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் ஏகாதசிக்கு மறுநாள் காலை பாரணை இருக்கிறது. அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வைத்துச் சாப்பிட்டே ஆக வேண்டும், அதுவும் விரதத்தில் ஒரு பகுதி. ரமலானில் பொழுது சாய்ந்ததும் கஞ்சி, அதுவும் எல்லாரோடும் சேர்ந்து. உடம்பு முடியாதவருக்கு விலக்கும் இருக்கிறது. நொய்யலின் தம்பிக்குப் பாரணை என்று ஒரு நாளே இல்லை. கூட உட்கார்ந்து சாப்பிட ஆளும் இல்லை.

சிறுதானியன் (வியாழன், காலை 11.25)

எல்லாவற்றையும் படித்தேன். சிறுதானியத்தைப் பழி சொல்ல இந்த இழையைப் பயன்படுத்தாதீர்கள் என்று இன்னும் சொல்வேன். மானாவாரிக் காட்டில் வேறு எதுவும் விளையாது, 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த பிறகுதான் எங்களுக்குக் கொஞ்சம் விலை கிடைக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் வாங்கும் சிலர் இரவு 11 மணிக்குப் போன் செய்வார்கள். சாமை சலித்த சல்லடையில் முன்பு கோதுமை சலித்தீர்களா, சாக்கு புதுசா, களத்துக்குப் பக்கத்தில் ரோடு இருக்கிறதா, வண்டிப் புகை படுமா என்று. கோதுமை ஒத்துக்கொள்ளாத நோய் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். தரம் பார்க்கிற வாடிக்கையாளர் என்று நான் பதில் சொல்வேன். ஒரு அம்மா பேசிக்கொண்டே இருக்கும்போது அழுதுவிட்டார். "இதையும் சாப்பிட முடியலன்னா எனக்கு வேற எதுவும் இல்லைங்க" என்றார். நேற்றிலிருந்து அவர் குரல்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்டவர்களிடம் வியாபாரி என்ன சொல்ல வேண்டும்? உண்மையாகக் கேட்கிறேன்.

மழைக்காகிதம் (வியாழன், மதியம் 1.10)

ஐயா, சல்லடையைப் பற்றி ஒரு தடவை பதில் சொல்லுங்கள், இரண்டாவது தடவை சொல்லாதீர்கள். நானும் அப்படிக் கடைக்காரரிடம் கேட்டவள்தான். அவர் சொன்ன ஒவ்வொரு பதிலும் பத்து நிமிடம்தான் தாங்கும், அப்புறம் அடுத்த கேள்வி முளைக்கும். "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேளுங்கள். மருத்துவரைப் பாருங்கள் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். உங்கள் பாக்கெட்டிலும் விளம்பரத்திலும் அரிசியை விஷம் என்று மட்டும் போடாதீர்கள். சாமையைப் பற்றிச் சொல்லவே நிறைய நல்லது இருக்கிறது.

நொய்யல் (வியாழன், இரவு 10.15)

அவனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? "எலும்பும் தோலுமா இருக்கே" என்றால் கண்ணில் ஒரு சந்தோஷம் வருகிறது, பார்த்திருக்கிறேன். "சாப்பிடு" என்றால் ஆதாரம் காட்டச் சொல்கிறான்.

மழைக்காகிதம் (வியாழன், இரவு 10.50)

ஆமாம் அக்கா, ஒல்லி என்ற பேச்சை விட்டுவிடுங்கள். அது அவனுக்குப் பரிசு. குண்டாக இருந்த காலத்தையும் எடுக்க வேண்டாம். எந்த உணவு நல்லது என்ற விவாதத்துக்குள்ளும் போகாதீர்கள், அவன் உங்களைவிட நூறு மடங்கு படித்திருப்பான். சாப்பாட்டு நேரத்தில் பேசாதீர்கள். வண்டியில் போகும்போது பேசலாம், முகம் பார்க்க வேண்டியதில்லை.

என் சித்தி என்னிடம் பேசியது இப்படித்தான்: "நீ முன்ன மாதிரி சிரிக்கிறதில்லடி. ராத்திரி தூங்குறியா? எனக்கு பயமா இருக்கு. நாளைக்கு ஈசிஜி எடுக்கப் போறோம், நானும் வரேன்." அதில் எனக்கு எதிர்த்து வாதாட எதுவும் இல்லை. உங்கள் தம்பிக்குள் அப்பாவைப் பற்றிய பயம் இருக்கிறது. "அப்பாவை நினைச்சா எனக்கும் பயம்தான்" என்று நீங்கள் முதலில் சொல்லிப் பாருங்கள். அவனோடு சேர்ந்து யாராவது அழுதார்களா என்றே தெரியவில்லை எனக்கு.

மனநல மாணவன் (வெள்ளி, காலை 7.30)

இதோடு சில விஷயங்கள். மயக்கம் போட்டாலோ, நெஞ்சு படபடத்தாலோ, துடிப்பு 40-க்குக் கீழே இறங்கினாலோ, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று சொன்னாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். 16 வயதுப் பிள்ளைக்கு விழித்திருக்கும்போது 50-க்குக் கீழே இருந்தாலே போக வேண்டும். வீட்டில் பாசத்தால் ஒரே நாளில் வயிறு முட்ட ஊட்டிவிட வேண்டாம். நீண்ட நாள் பட்டினிக்குப் பின் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கலாம். இரண்டாம் உலகப் போரில் முகாம்களிலிருந்து மீண்டவர்கள் சிலர் அப்படி இறந்திருக்கிறார்கள். மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

தனியாரில் செலவு அதிகம் என்று தயங்காதீர்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பார்க்கலாம். 14416 டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நொய்யல் (அடுத்த புதன், இரவு 9.40)

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் போகும்போது பேசினேன். அப்பாவைப் பற்றிச் சொன்னதும் வண்டியை ஓரம் கட்டச் சொன்னான். வெகுநேரம் அழுதான். "எனக்கே தெரியுதுக்கா, நிறுத்த முடியல" என்றான். ஈசிஜிக்கு ஒத்துக்கொண்டான். துடிப்பு 44. படுத்து எழுந்ததும் ரத்த அழுத்தம் நன்றாக இறங்குகிறது. பொது மருத்துவர் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார், வாரம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். மனநல மருத்துவரிடம் போவதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. "நான் பைத்தியமா?" என்று கேட்கிறான். அம்மா வேறு எண்ணெய் ஊற்றி முட்டை வறுத்துக் கொடுத்து, அவன் தொடாமல், நேற்று இரண்டு பேரும் சண்டை.

ஊட்டம் (அடுத்த புதன், இரவு 10.20)

வாரா வாரம் போவதை விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் என்ற பேச்சை இந்த வாரம் விடுங்கள், பொது மருத்துவரே எழுதி அனுப்பட்டும், அவர் சொன்னால் கேட்பான். அம்மாவிடம் சொல்லுங்கள், இப்போதைக்கு அவன் பயப்படாத உணவிலேயே அளவைக் கூட்டலாம்: 40 கிராம் வரகை 60 ஆக்குவது, முட்டையை இரண்டாக்குவது. எவ்வளவு வேகத்தில் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புது உணவு அப்புறம், ஒவ்வொன்றாக.

வைகைச்செல்வி அக்கா, உங்கள் மகளுக்கு வழி வேறு. அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோரே சாப்பாட்டுப் பொறுப்பைக் கையில் எடுக்கும் சிகிச்சை முறை ஒன்று எண்பதுகளில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது, நன்றாகப் பலன் தருகிறது. என்ன, எவ்வளவு என்று நீங்கள் முடிவு செய்வீர்கள், சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் இருப்பீர்கள், பிள்ளை தேறத் தேறப் பொறுப்பை அவளிடம் திருப்பிக் கொடுப்பீர்கள். குழந்தை மனநல மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். மேசைக்கு மேலே இருக்கும் தாளை இரண்டாவது மருத்துவரிடம் காட்டி, அவர் வாயாலேயே "இது உனக்கு இல்லை" என்று அவளிடம் சொல்ல வையுங்கள். எந்த நாளில் போகிறீர்கள்?

வைகைச்செல்வி (அடுத்த புதன், இரவு 10.45)

வெள்ளிக்கிழமை காலை டோக்கன் போட்டிருக்கிறேன். அவளுடைய அப்பாவும் வருகிறார். பள்ளி மதியச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்றுதான் யோசிக்கிறேன், அங்கே நான் பக்கத்தில் இருக்க முடியாதே.

ஊட்டம் (அடுத்த புதன், இரவு 11.00)

முதல் சில வாரம் மதியம் வீட்டுக்குக் கூட்டி வர முடியுமா பாருங்கள். தூரம் என்றால் வகுப்பாசிரியையிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லுங்கள், அவரோடு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து சாப்பிடட்டும். டப்பா காலியாக வந்தால் மட்டும் போதாது, சாப்பிட்டதைப் பார்த்த ஒருவர் இருக்க வேண்டும்.